பங்குனியில் எடுத்த கணக்கு

சிவப்புப் பெயிண்ட் பங்குனி வெயிலில் சட்டென்று காய்ந்துவிடும். அழிப்பதென்றால் காய்வதற்குள் அழித்துவிட வேண்டும். நான் புடவைத் தலைப்பால் அழித்தேன்.

முனிரத்தினம் பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். வாகை மரத்தின் இடுப்பில் அவர் போட்ட பெருக்கல் குறியில் ஒரு கோடு முழுசாக இருந்தது. இன்னொரு கோடு என் புடவைக்கு வந்துவிட்டது.

“இன்னா எம்மா, பைத்தியமா நீ? பொடவ போச்சே.”

“இது செத்த மரம் இல்லண்ணே.”

“எல கீதா?”

“இல்ல.”

“அப்பால?”

காய்கறிக் கடையில் வெண்டைக்காயைக் கிள்ளிப் பார்ப்போமே, அப்படிக் கிள்ளினேன். சாம்பல் நிறத் தோல் உரிந்தது. அடியில் பச்சை. ஈரப் பச்சை. மேலே போன வருடத்து நெற்றுகள் காற்றில் கலகலத்தன. மரம் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரிப்பதுபோல எனக்குப் பட்டது.

முனிரத்தினம் குனிந்து பார்த்தார். “அட, உள்ள பச்சையாத்தான் கீது.” நிமிர்ந்தார். “பச்சையா இருந்தா எனக்கு இன்னா? எல இருந்தா வெள்ள, எல இல்லன்னா செவப்பு. ஓவர்சியர் சொல்லிகீறாரு. நா இன்னா ஒன்ன மாதிரி பாட்டனியா படிச்சிகினு வந்தேன்?”

அன்று முதல் அவருக்கு என் பெயர் பாட்டனி.

கொடிக்கயிறும் காடும்

எண்பதுகளின் ஏதோ ஒரு பங்குனி. ஆவடியில் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா வெல்டர். நான் தாவரவியல் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன். குவார்ட்டர்ஸைப் பராமரிக்கும் ஆபீசில் மரம் எண்ண ஆள் தேவை என்றார்கள். தற்காலிக வேலை. நான் எண்ணி எழுத வேண்டும். முனிரத்தினம் பெயிண்டால் எண் போட வேண்டும். அவர் பக்கத்துப் பழைய கிராமத்து விவசாயக் குடும்பம். அவர்கள் கழனி ஏதோ ஒரு தலைமுறையில் யாருடைய காம்பவுண்டுக்குள்ளோ போய்விட்டது. அவர் அதைப் பற்றிப் பேசமாட்டார். பெயிண்ட் வாசனையால் சோறு இறங்கவில்லை என்பதைப் பற்றி மட்டும் நாள் முழுக்கப் பேசுவார்.

கடைசி ப்ளாக்கின் கொடிக்கயிறுகளுக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரை வரைக்கும், அந்த நிலம் கிடந்தது. செம்மண். சரளைக்கல். அதை யாரும் காடு என்று சொன்னதில்லை. ‘பொதர்’ என்பார்கள். பாம்பு வரும் இடம், பந்து தொலையும் இடம், ஈரப் புடவைகளின் மறுமுனை கட்டப்படும் இடம்.

நான் உள்ளே போன முதல் நாளே மூச்சு நின்றது. வாகை, உசில், வெப்பாலை, கொன்றை, ஒதியம், கிளுவை, நுணா, வெள்வேல். அடியில் சூரை, காரை, இலந்தை. பெயர் தெரியாத கொடிகள். ஏதோ ஒரு பெரிய காடு ரயிலில் திருவள்ளூர்ப் பக்கம் போகும்போது ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைத் தவற விட்டதுபோல, இங்கே ஒரு துண்டு. கோடையில் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும் காடு. மலைகளில் மட்டும்தான் இருக்கும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருந்தேன். அந்த மார்க்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும்போது பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேட்பேன். சேலத்து அக்கா ஒரு பெயர் சொல்வார். தஞ்சாவூர்க்காரம்மா “இல்லடி” என்று வேறொன்று சொல்வார். தமிழ்நாட்டின் எல்லா மாவட்டமும் அந்தக் குடவரிசையில் இருந்தது. எல்லா மாவட்டத்துக்கும் அந்தப் பொதரில் ஒரு சொந்தக்கார மரமும் இருந்தது.

(இந்தத் தொடரில் ஆவடியைத் தண்ணீரே இல்லாத ஊராகக் காட்டுகிறேன் என்று ஒரு வாசகி கோபமாகக் கார்டு போட்டிருக்கிறார். அம்மா, தண்ணீர் இருந்த வருடங்களில் நினைவு வைத்துக்கொள்ளும்படி நாங்கள் எதுவும் செய்யவில்லை.)

வருடம் பூரா பச்சை

ஓவர்சியர் கெட்டவர் அல்ல. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். கெட்டவராக இருந்திருந்தால் என் வேலை சுலபமாக இருந்திருக்கும்.

நாகர்கோவில்காரர். மடித்த கைக்குட்டையைக் காலருக்குள் வைத்திருப்பார். மழை ஓயாத, தென்னையும் பலாவும் மொட்டையாகாமல் நிற்கிற பூமியிலிருந்து வந்தவர். அங்கே ஒரு மரம் மொட்டையாக நின்றால் அதன் கதை முடிந்தது என்று பொருள். அந்தக் கண்ணோடு அவர் ஆவடிக்கு வந்தார். அந்தக் கண்ணோடு மார்ச் மாதத்தில் மரம் எண்ணச் சொன்னார். ஆபீசின் வருடம் மார்ச்சில் முடிகிறது அல்லவா? ஆண்டுக்கொருமுறை இந்தக் காடு உடுப்பைக் கழற்றி வைக்கும் மாதமும் அதுதான். குளிக்கப் போனவனின் சட்டையைப் பார்த்து ஆள் போய்விட்டான் என்று எழுதிய கணக்கு.

“பாதிக்கு மேலே செத்த மரமாக்கும், கேட்டியா பிள்ளே,” என்றார். “எல்லாத்தையும் வெட்டி மாத்திட்டுத் தைலமரம் வைக்கப்போறோம். நேர் வரிசையா. வருசம் பூரா பச்சையா நிக்கும்.”

“ஒரே மரமா சார்?”

“ஒரே மரம். பாக்க எத்தற சீரா இருக்கும்!”

பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். ‘உயிர்’ என்று ஒரு பத்தி, ‘மடிந்தது’ என்று ஒரு பத்தி. எண்ணியவர் கையெழுத்து, மேற்பார்வையாளர் கையெழுத்து. இரண்டும் இருந்தால்தான் வெட்டலாம். மடிந்ததற்கு நேரே அவரே எழுதிய சிவப்பு எண்கள் வரிசை வரிசையாக நின்றன.

“நான் போடமாட்டேன் சார்.”

அவர் என்னைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார். பேனாவில் மை இல்லையோ என்று உதறிக்கூடப் பார்த்தார்.

“எல்லாம் உயிரோட இருக்கு சார். இலையைக் கொட்டிட்டு நிக்குது. சித்திரையில ஒரு மழை விழட்டும், மொத்தமும் துளிர்க்கும்.”

“மழை விழுந்தா?”

“விழும் சார்.”

இந்த ஒரு வாக்கியத்துக்காக இன்றும் என் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். பாடப்புத்தகத்தில் சித்திரையில் மழை இருந்தது. சின்ன வயதில் நான் பார்த்த சித்திரைகளிலும் இருந்தது. வானத்தின் சார்பில் வாக்குக் கொடுக்க எனக்கு என்ன உரிமை?

“சரி மக்களே. வைகாசி கடைசி வரை பாப்பம். அதுவரை இலை வராதது அத்தனையும் கோடாலிக்கு.”

வெல்டரின் தீர்ப்பு

செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. அப்பா தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். திருநெல்வேலியை விட்டு வந்து வருடங்கள் ஆகியும் கோபம் வந்தால் பேச்சு ஊருக்குத் திரும்பிவிடும்.

“ஏட்டி, கூரை ஒழுகுதுன்னு அந்த ஆபீசுல மூணு மனு குடுத்திருக்கேன். நீ அங்கயே போய் அந்தாள்கிட்ட மல்லுக்கு நிக்க. என்ன சோலி ஒனக்கு?”

“உயிரோட இருக்கிற மரத்தைச் செத்துப்போச்சுன்னு கையெழுத்து போடச் சொல்றார்ப்பா.”

“எந்த மரம்?”

“ஒதியம், கிளுவை, வாகை...”

“ஒதியா?” அப்பா சிரித்தேவிட்டார். “ஒதி பெருத்தா உத்தரத்துக்கு ஆவுமா? கதவுக்கு ஆவாது, கட்டிலுக்கு ஆவாது. ஒரு தேக்குக்குச் சண்டை போட்டேன்னா நானும் பெருமையாச் சொல்லுவேன். போயும் போயும் ஒதிக்காட்டி?”

“எதுக்கும் ஆகாததுக்காகத்தான் யாராவது சண்டை போடணும். தேக்குக்கு ஆள் இருக்கு.”

அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். சாப்பிடாமலே.

ஆளுக்கொரு காலண்டர்

சித்திரை வந்தது. மழை வரவில்லை.

மேகம் வரும். திருநின்றவூர்ப் பக்கம் கறுக்கும். காற்றில் புழுதி வாசனை எழும்பும். கொடிக்கயிற்றிலிருந்து எல்லோரும் துணியை உருவிக்கொண்டு ஓடுவோம். பிறகு ஒன்றும் இருக்காது. காய்ந்த துணியைத் திரும்பக் காயப்போடுவோம். ஏரி காய்ந்து தரை வெடித்தது. கோடை மழை முன்பெல்லாம் சொல்லிவைத்த மாதிரி வரும் என்று குடவரிசையில் பேசிக்கொண்டார்கள். இப்போது பருவம் மாறிவிட்டது என்று சொல்ல எல்லோருக்கும் வார்த்தை கிடைத்துவிட்டது. அப்போது எங்களிடம் வார்த்தை இல்லை. வெறும் குடம் இருந்தது.

தினமும் காலையில் போய் மரங்களைப் பார்ப்பேன். கெஞ்சினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. திட்டினேன் என்று சொல்லலாம்.

ஒரு நாள் வெப்பாலை பூத்தது. ஒரு சொட்டு மழை இல்லாமல், வெள்ளைவெளேரென்று. அப்புறம் கொன்றை. உச்சி வெயிலில், மஞ்சளை நெருப்பிலிருந்தே உருக்கி எடுத்ததுபோல. உசில் தன் சின்னஞ்சிறு இலைகளைச் சீப்புப் பல் போல விரித்தது. வாகை துளிர்த்தது. வானத்தைக் கேட்காமல், என்னைக் கேட்காமல், பாடப்புத்தகத்தைக் கேட்காமல்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் காட்டில் ஒரே காலண்டர் இல்லை. ஒன்று பகலின் நீளத்தைப் பார்த்து எழுகிறது. ஒன்று வெக்கையை. ஒன்று ஆழத்தில் மிச்சமிருக்கும் ஈரத்தை. ஒன்று அசல் மழை விழுந்தால்தான் கண் திறப்பேன் என்று தண்டில் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு தூங்குகிறது. மழை ஏமாற்றினால் மழையை நம்பியது மட்டும்தான் காத்திருக்கும். மற்றவை வேலையைப் பார்க்கும். காலம் தப்பும்போது ஒரு காட்டைக் காப்பாற்றுவது அதன் ஒற்றுமையின்மைதான். ஒரே மரத்தை ஆயிரம் தரம் நட்டால், கிடைப்பது ஆயிரம் தரம் ஒரே தவறு.

முனிரத்தினத்துக்கு வேறு கவலை. ஒரு மரம் துளிர்த்தால் சிவப்பை மண்ணெண்ணெய் போட்டு அழித்து வெள்ளையில் எண் போட வேண்டும்.

“எம்மா பாட்டனி, ஒன் மரமெல்லாம் ஒயுங்கா ஒரே நாள்ல எல உட்டா இன்னாவாம்? தெனிக்கு ஒண்ணு எய்ந்துகினு வருது. எனக்கு டபுள் வேல.”

“நீங்கதானே போட்டீங்க சிவப்பு?”

“போட்டது நா. போடச் சொன்ன கண்ணு நாகர்கோவில் கண்ணு. அழிக்கற கை மட்டும் என்னுதா?”

ஆனால் அழிக்கும்போது பாட்டுப் பாடுவார். போடும்போது பாடியதில்லை.

வைகாசி கடைசி

ஒதியமும் கிளுவையும் அசையவில்லை. மழையை நம்பியவை அவை. கிள்ளினால் பச்சை இருந்தது. வெளியே விறகு மாதிரி நின்றன.

ஓவர்சியர் வாக்கு மாறவில்லை, அதுதான் கஷ்டம். “இலை வந்ததைத் தொடமாட்டேன். வராததை வெட்டுவேன். இதுதானே பேச்சு?”

“கையெழுத்து போடமாட்டேன் சார்.”

“வேண்டாம். உனக்குப் பதிலா நானே போட்டாச்சு.”

கோடாலிகள் வந்தன. நான் ஒரு ஒதியத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். வெட்ட வந்தவர்கள் மரியாதையான மனிதர்கள். “எம்மா, நீ ஒக்காரு” என்று சொல்லிவிட்டு மற்ற மரங்களுக்குப் போனார்கள். ஒரு முதுகுக்கு ஒரு மரம்தான். என் இடப்பக்கம் ஒன்று சாய்ந்தது, வலப்பக்கம் ஒன்று சாய்ந்தது. கொடிக்கயிறுகள் அறுந்து தொங்கின. வெட்டுவாயில் பிசின் பால் நிறத்தில் கசிந்து, கொஞ்ச நேரத்தில் சிவந்தது. வெயில் சாயும் நேரத்தில் இலை வராதவற்றில் அந்த ஒரே மரம் மிச்சம் நின்றது, நானும்.

வெட்டியதை ஆள் உயரத்துக்குத் துண்டாக்கி ஸ்டோர் கொட்டகை ஓரம் அடுக்கினார்கள். வெறுமையான இடத்தில் கயிறு பிடித்து, சுண்ணாம்பு போட்டு, நேர் வரிசையில் குழி தோண்டினார்கள். மழை இறங்கியதும் தைலங்கன்று லாரி வரும் என்றார்கள்.

பிணத்துக்கு முடி

ஆனியில்தான் மழை வந்தது. வந்தபோது வஞ்சனை இல்லாமல் மூன்று நான்கு சாயங்காலம் அடித்தது.

பத்து நாள் கழித்து, காலை எட்டு மணி இருக்கும். நான் குடத்தோடு நிற்கிறேன். முனிரத்தினம் ஓடி வருகிறார். ஒரு கால் செருப்பு எங்கேயோ கழன்றுவிட்டது.

“பாட்டனி! எம்மா பாட்டனி! பொணத்துக்கு முடி மொளச்சிகீது!”

வரிசையே அவரோடு ஓடியது.

கொட்டகை ஓரம் அடுக்கியிருந்த கட்டைகள் துளிர்த்திருந்தன. ஒதியக் கட்டைகளின் பட்டையைக் கிழித்துக்கொண்டு, வேரில்லாமல், மண்ணில்லாமல், ஒன்றின்மேல் ஒன்று கிடந்தபடி, செம்பழுப்பாய்க் கொத்துக் கொத்தாய்த் துளிர். அடியில் நசுங்கிக் கிடந்த கிளுவைகூட, வெளிச்சம் வந்த இடுக்கில் ஓர் இலையை நீட்டியிருந்தது. அடிக்கட்டைகளின் வயிற்றில் இன்னும் சிவப்புப் பெருக்கல் குறி.

சேலத்து அக்காதான் முதலில் பேசினார். “வேலிக்கு இதத்தான் ஊன்றது எங்கூர்ல. ஊனுனாப் புடிச்சுக்குமே!”

எல்லோரும் ஒரே திசையில் பார்த்தோம். தோண்டிய குழிகள். மழைத்தண்ணீர் ஊறிய, அளந்து வைத்த, காத்திருக்கிற குழிகள்.

“எனக்கு ஒண்ணும் தெரியாது,” என்றார் முனிரத்தினம். சொல்லிக்கொண்டே ஒரு கட்டையின் தலையைப் பிடித்துத் தூக்கினார். “நா இப்ப லீவுல கீறேன்.”

குடங்கள் வரிசையில் நின்றன, பெண்கள் நிற்கவில்லை. இருவருக்கு ஒரு கட்டை. துளிர் மேல்பக்கம், வெட்டுவாய் கீழ்ப்பக்கம், சுற்றி மண் தள்ளி மிதி. தஞ்சாவூர்க்காரம்மா மிதித்த மிதியில் மரம் தானே வேர் விட்டிருக்கும். இரவு ஷிஃப்ட் முடிந்து அப்பா சைக்கிளில் வந்தார். பார்த்தார். ஸ்டாண்ட் போட்டார். இருப்பதிலேயே பெரிய கட்டையிடம் போய் நின்றார்.

“அந்தப் பக்கம் பிடிட்டி. சும்மா பாத்துட்டு நிக்கா.” தூக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “கூரை இடிஞ்சு விழட்டும், அப்ப இருக்கு ஒனக்கு.”

பத்தரைக்குள் கொட்டகை ஓரம் காலி. துளிர்க்காத கட்டைகளும் சில இருந்தன. கிள்ளினேன், உள்ளே பழுப்பு. அவை உண்மையிலேயே செத்தவை. அவற்றை விட்டுவிட்டோம். பொய்ச் சாட்சி எந்தப் பக்கத்துக்கும் சொல்லக்கூடாது.

லாரி

மறுநாள் மதியம் லாரி வந்தது. சாந்துச் சட்டி அளவு பைகளில் தைலங்கன்றுகள், எல்லாம் ஒரே உயரம், ஒரே நிறம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி.

ஓவர்சியர் முன்னால் நடந்து வந்தார். நின்றுவிட்டார். அவர் பிடித்த கயிற்றுக்கு, அவர் போட்ட சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒரு விரல்கூடப் பிசகாமல், நேர் வரிசையில், அவர் கணக்கில் மடிந்தவை நின்றுகொண்டிருந்தன. இலையோடு.

ஒன்றின் அருகே போனார். ஒரு துளிரைக் கிள்ளி உள்ளங்கையில் கசக்கி மோந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“இது எங்க வீட்டு வேலியிலே நின்ன மரமாக்கும்,” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. “ஆட்டுக்குக் கொத்திப் போடுவோம். இலையில்லாமப் பாத்ததே இல்ல. அதான் ஆள் தெரியல்ல.”

டிரைவர் ஹாரன் அடித்தார். “சார், எங்க எறக்கறது? குழி எங்க?”

ஓவர்சியர் கைக்குட்டையைக் காலரிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இங்க குழி இல்ல. எல்லாம் நெறஞ்சாச்சு. கொண்டு போவும்.”

லாரி திரும்பும் வரைக்கும் அவர் என் பக்கம் பார்க்கவில்லை. பிறகு பார்த்தார்.

“பிள்ளே, ஆபீஸ் குழியிலே ஆபீசைக் கேக்காம நட்டது தப்பாக்கும். நாளையிலேருந்து நீ வரண்டாம்.”

“சரி சார்.”

பின்னாளில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எல்லாம் பிழைக்கவில்லை. தொண்ணூறுகளில் அடுத்தடுத்து மழை பொய்த்த வருடங்களில் சில இனங்கள், ஒன்றே ஒன்றாக நின்றவை, போயே போய்விட்டன. அவற்றின் பெயர்களை ‘மடிந்தது’ பத்தியில் எழுத நான் இன்னும் யாரிடமும் கொடுக்கவில்லை. ஒரு வருடம் கொன்றை கார்த்திகையில் பூத்து என்னைத் திடுக்கிட வைத்தது. ஏரி ஓரத்தில் ஒரு பகுதியைக் கட்டடம் தின்றது. மிச்சம் ஆளுக்கொரு நாளில் இலை விட்டுக்கொண்டுதான் நிற்கிறது.

ஆனால் இதெல்லாம் பிற்பாடு. அந்த ‘நாளை’ விடிந்தபோது நான் இரண்டு குடத்தோடு போனேன். நட்டதற்குத் தண்ணீர் விட வேண்டாமா? ஆபீஸ் வாசலைத் தாண்டும்போது ஓவர்சியர் ஜன்னலிலிருந்து கூப்பிட்டார்.

“உன்னை வரண்டாம்னு சொன்னேனே?”

“வேலைக்கு வரலை சார்,” என்றேன், நடந்துகொண்டே. “வேலையில்லாதவளை நீங்க எதிலிருந்து நீக்குவீங்க?”